ஒல்லிப் பையனா, தாட்டியான பையனா? அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால்ல பிக் மேன் எடுக்குறதுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

7 அடி உயரம், ஆனா எடை 88 கிலோதான். 2021-ல அமெரிக்க ஹைஸ்கூல் பசங்கள்ல நம்பர் ஒன் ரெக்ரூட்னு, அதாவது காலேஜ் டீமுங்க எடுக்கத் துடிக்கிற முதல் ஆள்னு, எல்லாரும் தூக்கி வச்சுப் பேசின செட் ஹோம்கிரன் இப்படித்தான் கொன்சாகா யுனிவர்சிட்டிக்குள்ள வந்தான். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி பர்டூ யுனிவர்சிட்டிக்கு வந்தவன் சாக் ஈடி, 7 அடி 4 இன்ச், 130 கிலோவுக்கு மேல, டொரன்டோ பையன், ரெக்ரூட்டிங் ரேங்கிங்ல 436-வது இடம். இதுல யார் ஜெயிச்சாங்கன்னு கேட்டா ரெண்டு பேருமே ஜெயிச்சாங்கன்னுதான் சொல்லணும். ஹோம்கிரன் ஒரே வருஷத்துல 2022 டிராஃப்ட்ல (என்பிஏங்கிற ப்ரொஃபஷனல் லீக் டீமுங்க வரிசையா புதுப் பசங்களை எடுக்குறது) ரெண்டாவது ஆளா போயிட்டான். ஈடி நாலு வருஷம் இருந்து 2023, 2024 ரெண்டு வருஷமும் தேசிய அளவுல சிறந்த வீரர் விருது வாங்கினான், ரால்ஃப் சாம்சனுக்கு அப்புறம் தொடர்ந்து வாங்கின முதல் ஆள் அவன்தான்.

அதனால "ஒல்லியா, தாட்டியா"ன்னு பொத்தாம் பொதுவா கேட்டா பதில் கிடைக்காது. என் கருத்தை இப்பவே சொல்லிடுறேன். தராசுல காட்டுற எடைய வச்சு ஒரு பையனை எடுக்கவும் கூடாது, கழிக்கவும் கூடாது. பாக்க வேண்டியது நாலு: எலும்புக்கட்டு, கால், கை, அப்புறம் அவன் உங்ககிட்ட எத்தனை வருஷம் இருக்கப் போறான்ங்கிறது. இந்த நாலும் சமமா இருந்தா, காலேஜ் லெவல்ல நான் தாட்டியான பையன் பக்கம்தான் சாய்வேன். ஏன்னு படிப்படியா சொல்றேன்.

படி 1: முதல்ல ரூல் புக், அப்புறம்தான் பையன்

நிறைய பேர் என்பிஏ பாத்துட்டு அதே கண்ணோட காலேஜ் ஆட்டத்தையும் பாக்குறாங்க, அங்கதான் முதல் குழப்பமே வருது. ரெண்டும் பாக்க ஒரே ஆட்டம் மாதிரி இருந்தாலும் பிக் மேன், அதாவது ரிம்முக்கு (கூடை வளையத்துக்கு) பக்கத்துல ஆடுற உயரமான ஆள் விஷயத்துல நிறைய வித்தியாசம் இருக்கு.

பெயிண்ட், அதாவது கூடைக்கு முன்னாடி கோடு போட்டு அடைச்ச கட்டம், காலேஜ்ல 12 அடி அகலம், என்பிஏல 16 அடி. அப்போ ஒரு பையன் பெயிண்ட் ஓரத்துல முதுகைக் காட்டி நின்னு பந்து கேட்டான்னா, காலேஜ்ல அவன் ரிம்முக்கு ரெண்டடி கூடுதல் கிட்டத்துல நிக்கிறான். ரெண்டடி என்ன பெரிய விஷயமான்னு தோணும், ஆனா 130 கிலோ ஆளுக்கு அது பந்தை ஒரு தடவை தட்டுற வேலை மிச்சம், திரும்பினா போதும், போட்டுடலாம்.

இன்னொன்னு இன்னும் முக்கியம். என்பிஏல டிஃபன்ஸ் ஆடுறவன் யாரையும் கார்ட் பண்ணாம பெயிண்ட்டுக்குள்ள 3 செகண்டுக்கு மேல நிக்கக் கூடாது. காலேஜ்ல அந்த ரூலே இல்ல. 7 அடி 4 இன்ச் ஆளை ரிம்முக்குக் கீழ நிறுத்திட்டா அவன் பாட்டுக்கு அங்கயே நிக்கலாம், வெளிய ஓடி ஓடி ஸ்விட்ச் பண்ண, அதாவது ஆளை மாத்தி மாத்திப் பிடிக்க வேண்டிய கட்டாயம் ரொம்பக் கம்மி. என்பிஏல "கால் ஸ்லோ"ன்னு ஒதுக்கப்படுற பெரிய உடம்பு காலேஜ்ல பெரிய ஆயுதமா மாறுறதுக்கு இந்த ரெண்டு ரூலும்தான் காரணம்.

ஒல்லிப் பசங்களுக்கு சாதகமா போன மாற்றங்களும் இருக்கு. 2019-20 சீசன்லேர்ந்து ஆண்கள் மூணு பாயிண்ட் லைன் 22 அடி 1.75 இன்ச்சுக்குத் தள்ளிப் போச்சு, அதனால உள்ள இடம் விரிஞ்சுது, விரிஞ்ச இடத்தை மூட நீளக் கையும் வேகமான காலும் வேணும். 2023-24-ல சார்ஜ் ரூலையும் (நிக்கிறவன் மேல பந்தோட வர்றவன் மோதினா வந்தவனுக்கு ஃபவுல்) இறுக்கினாங்க, டிரைவ் பண்றவன் மேல கிளம்ப காலை ஊன்றதுக்குள்ள டிஃபன்ஸ் ஆள் அவன் இடத்துல நின்னிருக்கணும். முன்னாடி மாதிரி கடைசி நொடியில முன்னாடி போய் நின்னு விழுந்து சார்ஜ் வாங்குறது கஷ்டமாயிடுச்சு, அதனால மேல எம்பி பிளாக் பண்றவனோட மதிப்பு ஏறிப் போச்சு.

ரெண்டையும் ஒரு தாள்ல எழுதி வச்சுட்டு உங்க டீம் எப்படி ஆடுதுன்னு பாருங்க. பிக் டென் மாதிரி, பெயிண்ட்டுக்குள்ள மோதிக்கிற கான்ஃபரன்ஸ்ல (காலேஜுங்க சேந்து ஆடுற லீக்) ஜனவரி, பிப்ரவரி முழுக்க வாரத்துக்கு ரெண்டு தடவை கனமான ஆட்களோட இடிபடணும். வேகமா ஓடுற, அஞ்சு பேரும் வெளிய நின்னு ஷூட் பண்ற டீம்னா கணக்கே வேற.

படி 2: எடைய விட்டுட்டு எலும்புக்கட்டைப் பாருங்க

"ஒல்லி"ங்கிற ஒரே வார்த்தைக்குள்ள ரெண்டு விதமான பசங்க ஒளிஞ்சிருக்காங்க. ஒருத்தன் தோள் அகலமா, இடுப்பு அகலமா, மணிக்கட்டும் கணுக்காலும் தடிமனா இருப்பான், மேல சதை மட்டும் இன்னும் ஏறல. இவன் மூணு வருஷத்துல 15 கிலோ ஏத்தினாலும் அதே வேகத்துல ஓடுவான். இன்னொருத்தனுக்கு தோளே குறுகல், இடுப்பு சின்னது, கால் ரொம்ப நீளம், அவன் மேல எடைய ஏத்தினா அது முட்டியிலயும் பாதத்துலயும் போய் உக்காரும். ரெண்டு பேரும் பேப்பர்ல 7 அடி, 90 கிலோதான். அதனால நேர்ல பாக்காம, ஷர்ட் போட்ட ஃபோட்டோவ மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க.

அப்பா அம்மாவ ஒரு தடவையாவது நேர்ல பாத்துடுங்க, அவங்க உயரத்தை விட அவங்க தோள்கட்டு நிறைய சொல்லும். அண்ணன் இருந்தா, அவன் இருபது வயசுல எப்படி இருந்தான்னு கேளுங்க.

எப்போ வளந்தான்ங்கிறதும் பெரிய விஷயம். ஆன்டனி டேவிஸ் ஹைஸ்கூல் ஆரம்பத்துல கார்ட் (வெளிய நின்னு பந்தைக் கொண்டு போற ஆள்) இடத்துல ஆடின பையன், 6 அடி 2 இன்ச் பக்கம் இருந்தவன் கடகடன்னு 6 அடி 10 இன்ச்சுக்குப் போயிட்டான். உயரம் வந்துச்சு, ஆனா பந்து கையாளுற பழக்கம், பாஸ் பாக்குற கண்ணு, காலடி எல்லாம் கார்டோடதாவே தங்கிடுச்சு. டேவிட் ராபின்சனும் அப்படித்தான், நேவல் அகாடமிக்கு 6 அடி 7 இன்ச் பக்கத்துல போய்ச் சேந்தவன், வெளிய வரும்போது 7 அடி. இப்படி லேட்டா வளந்த ஒல்லிப் பசங்களுக்கு உடம்பு இன்னும் உயரத்துக்கு ஈடு கொடுக்கல, அவ்வளவுதான், அதை பலவீனம்னு கழிச்சுடக் கூடாது. பன்னிரண்டு வயசுலயே 6 அடி 6 இன்ச் இருந்து பதினெட்டுலயும் ஒல்லியாவே இருக்கிறவனைப் பத்தித்தான் கொஞ்சம் யோசிக்கணும்.

படி 3: பலம் எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க, கையில தேடாதீங்க

2007 டிராஃப்டுக்கு முன்னாடி நடந்த டெஸ்ட்ல கெவின் டுரான்ட்டால 185 பவுண்டு, அதாவது 84 கிலோ பாரை பெஞ்ச் பிரஸ்ல ஒரு தடவைகூட தூக்க முடியல. அதே பையன் அதுக்குச் சில மாசம் முன்னாடி டெக்சாஸ்ல ஆட்டத்துக்கு 25.8 பாயிண்ட், 11.1 ரீபவுண்ட் (தவறின ஷாட்டைப் பிடிக்கிறது) எடுத்து தேசிய சிறந்த வீரர் ஆனவன். பதினொரு ரீபவுண்டும் காத்துல வந்துடல, நெஞ்சு பலம் இல்லாமலே இடம் பிடிக்கத் தெரிஞ்சிருந்துச்சு. அதே டிராஃப்ட்ல முதல் இடத்துல போனவன் ஒஹாயோ ஸ்டேட்டோட கிரெக் ஓடன், 7 அடி, 113 கிலோ, அந்த வயசுல யாருக்கும் இல்லாத உடம்பு, தேசிய ஃபைனல்ல ஃப்ளோரிடாவுக்கு எதிரா 25 பாயிண்ட் 12 ரீபவுண்ட். முட்டிப் பிரச்சனையில அவன் என்பிஏல மொத்தமே 105 மேட்ச்தான் ஆடினான். பாக்குறதுக்கு இரும்பு மாதிரி இருக்கிற உடம்பும் உள்ள நோகலாம், இதை ரெக்ரூட் பண்ற எல்லாரும் மனசுல வச்சுக்கணும்.

பிக் மேனுக்கு பலம் இடுப்புக்குக் கீழதான். இதைப் புரிஞ்சுக்க 2009 பிப்ரவரி 16 ஆட்டத்தை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஹார்ட்ஃபோர்ட்ல நம்பர் ஒன் யூகான் (கனெக்டிகட் யுனிவர்சிட்டி) டீமும் பிட்ஸ்பர்க்கும் மோதுது. யூகான் சென்டர் ஹஷீம் தபீட், 7 அடி 3 இன்ச். பிட் பக்கம் டிஜுவான் பிளேர், 6 அடி 7 இன்ச், 120 கிலோ. ரெண்டு பேரோட எடையும் பக்கம் பக்கம்தான், தபீட்டை யாரும் பேப்பர்ல ஒல்லின்னு எழுத முடியாது. ஆனா அந்த எடை எட்டு இன்ச் கூடுதல் உயரத்துல பரவிக் கிடக்கு, இடுப்பு மேல இருக்கு. ஆட்டம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே ஒரு ரீபவுண்டுக்கு ரெண்டு பேரும் கை கோத்துக்கிட்டாங்க, பிளேர் குனிஞ்சு இழுத்த இழுப்புல தபீட் அவன் தோளைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்தான். கடைசியில பிளேர் 22 பாயிண்ட், 23 ரீபவுண்ட், தபீட் 5 பாயிண்ட், 4 ரீபவுண்ட், பிட் 76-68-ல ஜெயிச்சுது. பிளேருக்கு ரெண்டு முட்டியிலயும் ஏசிஎல் தசைநாரே கிடையாது, அதையும் சேத்துப் பாருங்க.

இப்போ நீங்க வீடியோ பாக்கும்போது பந்தை விட்டுட்டு அந்தப் பையனோட முட்டியையும் பாதத்தையும் மட்டும் பாருங்க. ஷாட் மேல போகுது, அவன் முட்டிய மடக்கி பின்னாடி உக்காருறானா, இல்ல கால் நேரா நிக்க கைய மட்டும் மேல தூக்குறானா? எதிராளி இடுப்பால இடிக்கும்போது அவன் பாதம் தரையில அப்படியே பதிஞ்சிருக்கா, இல்ல அடி அடியா நகருதா? போஸ்ட்ல, அதாவது ரிம்முக்குப் பக்கத்துல முதுகு காட்டி நிக்கிற இடத்துல, பந்து கேட்ட இடத்துக்கும் பந்து உண்மையில கைக்கு வந்த இடத்துக்கும் எவ்வளவு தூரம்? இந்த மூணாவது கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. முதல் குவார்ட்டர்ல பெயிண்ட் ஓரத்துல வாங்கினவன் நாலாவது குவார்ட்டர்ல மூணடி தள்ளி வாங்கினான்னா பலம் பத்தல, இல்ல மூச்சு பத்தல. ரெண்டுல எதுன்னு அவன் டிஃபன்ஸுக்குத் திரும்பி ஓடுற வேகம் சொல்லிடும்.

ஒல்லிப் பசங்கள்ல சிலர் இந்தச் சோதனையில பிரமாதமா தேறுவாங்க, உடம்பு பார்த்தா நம்ப முடியாது, ஆனா தாழ்வா உக்காந்து முதல் இடி அவங்கதான் கொடுப்பாங்க. அந்தப் பையனை விட்டுடாதீங்க.

படி 4: கையும் காலடியும், இது எந்த வெயிட் ரூம்லயும் கிடைக்காது

எடைய ஏத்தலாம், இறக்கலாம். பந்தைப் பிடிக்கிற கைய பதினெட்டு வயசுக்கு மேல உருவாக்குறது ரொம்ப ரொம்பக் கஷ்டம். பின்னாடி வேற என்ன ஆட்டம் ஆடியிருக்கான்னு கண்டிப்பா கேளுங்க. ஈடி சின்ன வயசுல ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடினவன், பாஸ்கெட்பாலுக்கு வந்ததே லேட். அவ்வளவு பெரிய ஆளு பந்தை ரெண்டு கையால கப்புன்னு பிடிச்சு, தலைக்கு மேலயே வச்சிருந்து, கீழ இறக்காம போடுறதுல அந்தப் பழக்கம் தெரியும். ரேங்கிங்ல 436-வது இடம் கொடுத்தவங்க உயரத்தையும் ஸ்லோவான ஓட்டத்தையும் பாத்தாங்க, கை எவ்வளவு நல்லா இருக்குங்கிறதுக்கு மார்க் போடல.

சுலபமான சோதனை ஒன்னு சொல்றேன். கோணலா வர்ற பாஸ், தரையில பட்டு முட்டிக்குக் கீழ வர்ற பாஸ், ஓடிக்கிட்டே இருக்கும்போது முகத்துக்கு நேரா வர்ற பாஸ், இந்த மூணையும் எப்படிப் பிடிக்கிறான்னு ஒரு மேட்ச் முழுக்க எண்ணிப் பாருங்க. அப்புறம் ஃபிரீ த்ரோ. ஒரு பிக் மேன் ஃபிரீ த்ரோல எழுபது சதவீதம் பக்கம் போட்டான்னா கை மென்மையா இருக்குன்னு அர்த்தம், நாளைக்கு ஷாட் விரிவடையும்.

படி 5: தாட்டியான பையன்கிட்ட ஏமாறாம இருக்க

நான் தாட்டியான பையன் பக்கம் சாயுறவன்தான், ஆனா அதுல ஏமாந்து போன கோச்சுங்க எண்ணிக்கையும் ஜாஸ்தி. பதினாறு வயசுலயே மீசை முளைச்சு ஆம்பள உடம்பு வந்துட்ட பையன் ஹைஸ்கூல்ல எல்லாரையும் இடிச்சுத் தள்ளிட்டு 25 பாயிண்ட் எடுப்பான். அவனை விட அரை அடி குட்டையான, 30 கிலோ கம்மியான பசங்க மேல எடுத்த பாயிண்ட் அது. சம்மர் டோர்னமெண்ட்டுக்குப் போய் பாருங்க, நைக் நடத்துற பீச் ஜாம் மாதிரி இடத்துல அவன் அளவுக்கே உடம்பு இருக்கிறவன் எதிர்ல நிக்கும்போது என்ன பண்றான்? இடிக்க முடியாதுன்னு தெரிஞ்சதும் ரெண்டாவது மூவ் ஒன்னு கையில இருக்கா? இல்லாட்டி அவன் ஏற்கனவே முழுசா வளந்து முடிச்சுட்டான்.

அடுத்தது, அந்த எடையில சதை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு. கொழுப்பு இருந்தா வேண்டாம்னு சொல்லல, கேலப் ஸ்வானிகன் கதை இருக்கே. எட்டாம் கிளாஸ் படிக்கும்போது 160 கிலோ பக்கத்துல இருந்த பையன், கஷ்டப்பட்ட குடும்பச் சூழல்லேர்ந்து வந்து, எடையக் குறைச்சு, பர்டூவுல 2016-17-ல ஆட்டத்துக்கு 18.5 பாயிண்ட் 12.5 ரீபவுண்டோட பிக் டென் சிறந்த வீரர் ஆனான். 2022-ல ரொம்பச் சின்ன வயசுலயே இறந்துட்டான், மனசு கனக்குது. அவன் கதையில நான் பாக்குறது பழக்கத்தைத்தான். எடை குறைக்கிற பையன் ஒழுக்கத்தைக் கத்துக்கிட்டவன், அவன் உங்ககிட்ட வந்தும் உழைப்பான். எடை ஏறிக்கிட்டே வந்திருக்கா, இறங்கிக்கிட்டே வந்திருக்கான்னு மூணு வருஷக் கணக்கை ஸ்கூல் கோச்கிட்ட கேட்டு வாங்குங்க.

மூணாவது, பிக் அண்ட் ரோல், அதாவது ஒருத்தன் ஸ்க்ரீனா நின்னு தடுக்க, பந்து வச்சிருக்கிறவன் அவனை ஒட்டிப் போறது. தேசிய டோர்னமெண்ட் நடக்குற மார்ச் மாசம் எல்லா டீமும் உங்க பெரிய பையனை ஸ்க்ரீன்ல இழுத்து வெளிய கொண்டுவரப் பாக்கும். ஆஸ்கர் ஷிப்வே காங்கோலேர்ந்து வந்தவன், 6 அடி 9 இன்ச், 115 கிலோ பக்கம், கென்டக்கியில 2021-22-ல ஆட்டத்துக்கு 15.1 ரீபவுண்ட், அந்த வருஷ தேசிய சிறந்த வீரர். ரீபவுண்டுக்கு அவனை மாதிரி ஒரு காந்தம் சமீபத்துல யாரும் இல்ல. ஆனாலும் 2022 டோர்னமெண்ட்ல பதினைஞ்சாவது சீட் (தர வரிசை இடம்) செயின்ட் பீட்டர்ஸ்கிட்ட முதல் ரவுண்டுலயே கென்டக்கி தோத்துது, அன்னைக்கு ஷிப்வே 30 பாயிண்ட் 16 ரீபவுண்ட் எடுத்தும் தோத்துது. 2023 டிராஃப்ட்ல அவனை யாரும் எடுக்கல. இதுக்காக அவனை எடுத்திருக்கக் கூடாதான்னா, கண்டிப்பா எடுக்கணும், காலேஜுக்கு அவன் தங்கம். ஆனா அவனைச் சுத்தி வெளிய ஓடி மூடுற ஆட்கள் வேணும்ங்கிறதையும் அதே நாள்ல முடிவு பண்ணிடணும்.

படி 6: ஒல்லிப் பையன்கிட்ட அவசரப்படாம இருக்க

முதல் ஆபத்து ஃபவுல். இடம் பிடிக்க முடியாதவன் கையால தடுப்பான், கையால தடுத்தா விசில் வரும், அஞ்சு ஃபவுல்ல வெளிய. 2022 ஸ்வீட் சிக்ஸ்டீன்ல (டோர்னமெண்ட்ல கடைசி 16 டீம் ஆடுற சுற்று) ஆர்கன்சாஸ்கிட்ட கொன்சாகா 74-68-ல தோத்தப்ப ஹோம்கிரன் கடைசி நிமிஷங்கள்ல பெஞ்சுலதான் இருந்தான், அஞ்சு ஃபவுல். அந்த சீசன்ல ஆட்டத்துக்கு 3.7 பிளாக் பண்ணினவன் அவசியமான நேரத்துல கோர்ட்டுல இல்ல. அதனால ஒல்லிப் பையனோட புள்ளிவிவரத்துல நீங்க முதல்ல பாக்க வேண்டியது பிளாக் எண்ணிக்கைய விட, எத்தனை ஃபவுலுக்கு எத்தனை பிளாக்குங்கிறதை.

ரெண்டாவது பாதம். நீளமான, ஒடிசலான உடம்பு, வருஷம் முழுக்க ஆட்டம், சரியா சாப்பாடு இல்ல, எலும்பு தாங்காது. போல் போல் 7 அடி 2 இன்ச், ஆரகன்ல 2018-19-ல 9 மேட்ச் ஆடினதுமே பாதத்துல ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதோட காலேஜ் வாழ்க்கையே முடிஞ்சுது. பாதம், கணுக்கால், முதுகு, இந்த மூணுலயும் பழைய வலி எதாச்சும் இருந்துச்சான்னு கூச்சப்படாம கேளுங்க, உங்க டீம் டாக்டரையே அந்த எக்ஸ்ரேவ பாக்கச் சொல்லுங்க.

மூணாவது, "அடுத்த வருஷத்துக்குள்ள 15 கிலோ ஏத்திடுவோம்"னு பேசுறது. இந்தப் பேச்சு எனக்குக் கோபமே வர வைக்கும். பதினெட்டு வயசுப் பையன், இன்னும் வளந்துக்கிட்டு இருக்கிறவன், அவனை ஆறு மாசத்துல ஊத வச்சா முட்டிதான் போகும், ஓட்டமும் போகும், எதுக்காக எடுத்தீங்களோ அதுவே போயிடும். ஜூன்ல வந்து நவம்பர்ல சீசன் ஆரம்பிக்கிறதுக்குள்ள சதையா நாலஞ்சு கிலோ ஏறினாலே நல்ல வேலை. அப்புறம் சீசன்ல பயணம், பரிட்சை, தூக்கம் இல்லாத ராத்திரி எல்லாம் சேந்து அதுல பாதி இறங்கும், அது சகஜம், பதறாதீங்க.

இத்தனை ஆபத்து இருந்தும் ஏன் எடுக்கணும்? 2012 ஃபைனலைப் பாருங்க. கென்டக்கி கேன்சஸை 67-59-ல ஜெயிச்ச அந்த மேட்ச்ல ஆன்டனி டேவிஸ் 10 ஷாட்ல ஒன்னே ஒன்னுதான் போட்டான், மொத்தம் 6 பாயிண்ட். ஆனா 16 ரீபவுண்ட், 6 பிளாக், சிறந்த வீரர் பட்டமும் அவனுக்குத்தான். அப்போ அவன் 100 கிலோ பக்கம், குச்சி மாதிரி இருந்த பையன். பக்கத்துல டெரன்ஸ் ஜோன்ஸ்னு கனமான ஆளு இருந்ததால இடிபடுற வேலையில பாதி டேவிஸ் மேல விழல. அவ்வளவு பெரிய திறமை இருந்தா ஒல்லியப் பத்தி யோசிக்கவே வேண்டாம், எடுத்துடுங்க. டேவிஸ், மோப்லி (யூஎஸ்சி யுனிவர்சிட்டியில ஆடினவன்), ஹோம்கிரன் மாதிரி பையன் பத்து வருஷத்துக்கு மூணு நாலு பேர் வருவாங்க. மத்த ஒல்லிப் பசங்களுக்குத்தான் இந்த வழிகாட்டி.

படி 7: அவன் எத்தனை வருஷம் இருப்பான்? இதுதான் இப்போ எல்லாத்தையும் மாத்திடுச்சு

பழைய காலத்துல ஒல்லிப் பையனை எடுக்குறதோட மொத்த லாபமும் பொறுமையிலதான் இருந்துச்சு. விஸ்கான்சின்ல ஃப்ராங்க் கமின்ஸ்கி முதல் வருஷம் ஆட்டத்துக்கு 1.8 பாயிண்ட், ரெண்டாவது வருஷம் 4.2, மூணாவது 13.9, நாலாவது 18.8. 2015-ல தேசிய சிறந்த வீரர், அந்த வருஷம் தோல்வியே பாக்காத கென்டக்கிய செமிஃபைனல்ல 71-64-ல தோக்கடிச்ச டீமோட தூண். பர்டூவோட ஜஜுவான் ஜான்சனும் ஒல்லியா வந்து, நாலு வருஷம் இருந்து, 2011-ல பிக் டென் சிறந்த வீரர் ஆனான்.

இப்போ அதே கமின்ஸ்கி 4.2 பாயிண்ட் எடுத்த வருஷம் முடிஞ்சதும் என்ன நடக்கும்னு நினைச்சுப் பாருங்க. 2018-ல ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் (காலேஜ் மாற நினைக்கிற பசங்க பேர் போடுற பட்டியல்) வந்துச்சு, 2021-ல ஒரு தடவை மாறினா ஒரு வருஷம் உக்கார வேண்டாம்னு ஆச்சு, அதே ஜூலையில பசங்க விளம்பரக் காசு வாங்கலாம்னு ஆச்சு, 2024-ல எத்தனை தடவை வேணாலும் மாறலாம்னு ஆச்சு, 2025 ஜூலையிலேர்ந்து காலேஜே நேரடியா வருமானத்துல பங்கு கொடுக்குது. நீங்க ரெண்டு வருஷம் சோறு போட்டு, வெயிட் தூக்க வச்சு, காலடி கத்துக் கொடுத்து 14 கிலோ ஏத்தின பையனை மூணாவது வருஷம் அதிகக் காசு இருக்கிற காலேஜ் கூட்டிட்டுப் போயிடும். பையன் மேல தப்பு சொல்ல மாட்டேன், அவன் உடம்பு, அவன் வாழ்க்கை. ஆனா கோச் அதைக் கணக்குல எடுக்காம இருக்க முடியாது.

அதனால இன்னைக்கு கணக்கு இப்படித்தான் போடணும்னு நினைக்கிறேன். காசு நிறைய இருக்கிற பெரிய புரோகிராம்னா, உடனே ஆட வேண்டிய சென்டரை போர்ட்டல்லேர்ந்து எடுங்க, இருபத்தொரு வயசு, காலேஜ் அடி வாங்கிப் பழகினவன், உடம்பு ரெடி. ஹைஸ்கூல்லேர்ந்து எடுக்குற ஒல்லிப் பையன் முதல் வருஷமே பதினைஞ்சு நிமிஷம் ஆடுற அளவுக்கு இருந்தா மட்டும் எடுங்க. சின்ன கான்ஃபரன்ஸ் டீம்னா நேரெதிர். பெரிய காலேஜ் யாரும் பாக்காத, ஊர் தள்ளிப் படிக்கிற, அகலமான தோளோட ஒல்லியா நிக்கிற பையன்தான் உங்களுக்கு லாபம், ரெண்டு நல்ல வருஷம் கிடைச்சா போதும்னு மனசுல வச்சுக்கிட்டு எடுங்க. நடுவுல இருக்கிற காலேஜுங்கதான் பாவம், அவங்களுக்கு நான் சொல்றது ஒன்னுதான்: குடும்பம் பக்கத்துல இருக்கிற, அந்த ஊர் காலேஜ்லயே படிக்கணும்னு ஆசைப்படுற பையனைத் தேடுங்க. டானவன் கிளிங்கன் கனெக்டிகட் பிரிஸ்டல் ஊர்க்காரன், யூகானுக்கே வந்தான், முதல் வருஷம் அடாமா சனோகோவுக்குப் பின்னாடி பெஞ்சுலேர்ந்து வந்து ஆடினான், போகல. அடுத்த வருஷம் சாம்பியன் டீமோட சென்டர் அவன்தான்.

படி 8: ஒத்தை ஆளா எடுக்காதீங்க, ஜோடியா எடுங்க

ஹோம்கிரனை கொன்சாகா தனியா விடல, பக்கத்துல ட்ரூ டிம்மி இருந்தான், போஸ்ட்ல முதுகு கொடுத்து இடிக்கிற வேலை அவனோடது, ஹோம்கிரன் பின்னாடிலேர்ந்து வந்து பிளாக் பண்ணினான். யூகான்ல 2023-ல சனோகோ, கிளிங்கன்னு ரெண்டு பேருமே கனம், ஒருத்தன் ரெஸ்ட் எடுக்கும்போது இன்னொருத்தன், எதிர் டீம் சென்டருக்கு நாப்பது நிமிஷமும் மூச்சு விட நேரமே இல்ல.

சுத்தி இருக்கிறவங்களும் முக்கியம். 2023 மார்ச் 17 அன்னைக்கு, நாட்டுலயே குட்டையான டீமான ஃபேர்லி டிக்கின்சன் பர்டூவை 63-58-ல தோக்கடிச்சுது, பதினாறாவது சீட், ஒன்னாவது சீட்டை. ஈடிக்கு முன்னாடி ஒருத்தன் பின்னாடி ஒருத்தன் நின்னு பந்தே போக விடாம பண்ணாங்க, பர்டூ கார்டுங்களால அதை உடைக்க முடியல. அடுத்த வருஷம் ஃபைனல்ல யூகான் வேற வழி பிடிச்சுது. கிளிங்கனை ஈடி மேல தனியா விட்டாங்க, "நீ எவ்வளவு வேணாலும் போட்டுக்கோ"ன்னு விட்டுட்டு மத்த நாலு பேரும் வெளிய ஷூட்டர்ங்களை ஒட்டிக்கிட்டாங்க. ஈடி 37 பாயிண்ட், பர்டூ மொத்தமே 7 மூணு பாயிண்டர்தான் முயற்சி பண்ணுச்சு, ஒன்னுதான் விழுந்துச்சு, யூகான் 75-60. கிளிங்கன் 7 அடி 2 இன்ச், 127 கிலோ, அவன் இல்லாம அந்தத் திட்டமே போட முடியாது. கனமான ஆளைத் தனியா சமாளிக்க இன்னொரு கனமான ஆளு வேணும், நான் தாட்டியான பையன் பக்கம் சாயுறதுக்கு இந்த மேட்ச் ஒரு பெரிய காரணம்.

படி 9: வீட்டுக்குப் போய் பேசும்போது

அம்மாகிட்ட பேசுங்க. அமெரிக்க ரெக்ரூட்டிங்ல பெரும்பாலும் முடிவு அங்கதான். பையன் காலையில என்ன சாப்பிடுறான், எத்தனை மணிக்குத் தூங்குறான், காலை சாப்பாட்டை விட்டுட்டுப் போறானான்னு கேளுங்க. ஒல்லிப் பையன்னா இந்த மூணு பதில்தான் பாதி விஷயம், ஏன்னா காலை சாப்பிடாம இருக்கிறவன் சாப்பிட ஆரம்பிச்சாலே உடம்பு ஏறும், ஆனா நாலு வேளையும் நல்லா சாப்பிட்டும் 88 கிலோவுல நிக்கிறவன் உடம்பு அப்படித்தான், அதுக்கு ஏத்த மாதிரி அவனை ஆட வைக்கணும்.

முதல் வருஷம் எத்தனை நிமிஷம் ஆடுவான்னு உண்மையா சொல்லிடுங்க. ரெட்ஷர்ட், அதாவது ஒரு வருஷம் மேட்ச் ஆடாம உடம்பு மட்டும் தேத்துறது, அந்த எண்ணம் இருந்தா கையெழுத்துக்கு முன்னாடியே சொல்லணும். சொல்லாம மறைச்சு எடுத்த பையன் ஏப்ரல்ல போர்ட்டல்ல இருப்பான்.

படி 10: வந்தப்புறம் முதல் அஞ்சு மாசம்

ஜூன்ல வந்த முதல் வாரமே ரெண்டு வீடியோ எடுத்து வைங்க. ஒன்னு, உங்க சீனியர் சென்டரோட போஸ்ட்ல பத்து தடவை மோதுறது. இன்னொன்னு, முழு கோர்ட் ஓட்டம், களைச்சுப் போற வரைக்கும். தாட்டியான பையனுக்கு ரெண்டாவது வீடியோ முக்கியம், ஒல்லிப் பையனுக்கு முதல் வீடியோ. வெயிட் ரூம்ல முதல் ரெண்டு மாசம் ஸ்குவாட், ஒத்தக் கால் பயிற்சி, இடுப்பு, கணுக்கால், இதுதான் முதல்ல, பெஞ்ச் பிரஸ்ஸுக்கு அவசரம் இல்ல. தராசுல வாரத்துக்கு ஒரு தடவை ஏறினா போதும், தினமும் ஏத்தி பையனை பயமுறுத்தாதீங்க. பாதத்துல எங்க வலிச்சாலும் அன்னைக்கே சொல்லணும்னு முதல் நாளே சொல்லி வைங்க, ஒல்லிப் பசங்க இடம் போயிடும்னு பயந்து மறைப்பாங்க.

அக்டோபர் கடைசியில அதே சீனியர், அதே போஸ்ட், அதே பத்து மோதல் மறுபடி எடுங்க. ஜூன் வீடியோவையும் இதையும் பக்கத்துல பக்கத்துல ஓட விட்டு, பந்து கைக்கு வர்ற இடத்தை அளந்து பாருங்க. ஒல்லிப் பையன் ஒரு அடி உள்ள வந்திருந்தா நவம்பர்லேர்ந்து பெஞ்சுலேர்ந்து எட்டு பத்து நிமிஷம் கொடுக்கலாம், அதே இடத்துல நின்னா டிசம்பர் வரைக்கும் காத்திருங்க, அதுவரைக்கும் அவனை ஹெல்ப் டிஃபன்ஸ்ல (கூட ஆடுறவனுக்கு உதவியா வந்து) பிளாக் பண்ற வேலைக்கு மட்டும் இறக்குங்க.